ஆறு மணிக்கும் வலி இரண்டு

அண்ணி,

நேற்று மத்தியானம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தங்க நிறச் சட்டம், கண்ணாடி, அதற்குள் என் கையெழுத்து. 'இந்த இடத்தில் கால் வைத்ததுமே கோயிலுக்குள் வந்ததுபோல் இருந்தது. தெய்வத்தை இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்கள் மனிதர்களையும் கண்போலப் பார்த்துக்கொள்வார்கள்.' கீழே என் பெயர், கட்கி என்று ஊர் வேறு. உங்களைச் சேர்ப்பதற்கு முன்பு இடம் பார்க்கப் போன அன்று, அந்த இல்லத்தின் வருகைப் புத்தகத்தில் நான் எழுதியது.

படத்தின் பின்னாலேயே அழைப்பு வந்தது. சுகன்யா என்று ஒரு பெண். கோயம்புத்தூர்க்காரி, இங்கே கராடியில் கம்ப்யூட்டர் வேலை, விமான் நகரில் வீடு. அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோயாம். இனிமேல் வைத்தியம் இல்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் தேடிப் போனவள், வரவேற்பறைச் சுவரில் தமிழைப் பார்த்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, நீங்கதானுங்களே அத எழுதுனது? இந்த மராத்தி ஊர்ல தமிழப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. உங்க நம்பர அவங்களே குடுத்தாங்க. வெள்ளிக்கிழம அப்பாவச் சேத்திரலாம்னு இருக்கறேனுங்க. நல்லாப் பாத்துக்குவாங்களா ஆன்ட்டி?"

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். ஆமா, இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கா தெரியாது? "இன்னாடி, வாயில கொழுக்கட்டையா?"

முப்பது வருடம் ஃபாக்டரியில் சோதனைப் பிரிவில் இருந்தவர் நீங்கள். வந்த சாமானைக் கையில் எடுத்து, திருப்பி, நகத்தால் சுரண்டிப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு மசியால் குறி போட்டு ஒதுக்குவதே வேலை. கத்தரிக்காய் வாங்கினாலும், தம்பிக்குப் பெண் பார்த்தாலும் அதே கண்தான். என்னைப் பார்க்க வந்தபோதுகூட அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தீர்களாமே. "பாலிஷப் பாத்து பாஸ் போடாதடி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அப்படிப்பட்டவருக்கு இடம் பார்க்கப் போன நான் பாலிஷைப் பார்த்துத்தான் பாஸ் போட்டேன்.

இரண்டு இடம் பார்த்தோம், உங்களிடம் இதைச் சொன்னதே இல்லை. முதல் இடம் பழைய கட்டடம். பினாயில் நாற்றம், சுவரெல்லாம் ஓதம். உள்ளே ஒரு சாமி படம் கூட என் கண்ணில் படவில்லை. பெரிய நர்ஸம்மா ஒருவர், ஒரு கிழவரின் வாய்க்குள் விரலில் பஞ்சைச் சுற்றித் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நில்லுங்க, கை வேலையா இருக்கேன்" என்று மராத்தியில் அதட்டினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மரியாதை தெரியாத இடம் என்று வெளியே வந்தோம்.

இரண்டாவது இடம்தான் இது. வாசலில் நீரூற்று, உள்ளே பளிங்குத் தரை, எதிரே கணபதி. அன்று பறித்த அறுகம்புல், வாடாத மாலை, நெய் விளக்கு. பக்கத்தில் வெங்கடாசலபதி. கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண், உதட்டுச் சாயமும் கழுத்தில் அட்டையுமாக வந்தாள். "நீங்க பாலாஜி ஜனங்கதானே ஆன்ட்டி? பாருங்க, உங்களுக்காகவே வெச்ச மாதிரி இல்ல?" என்று இந்தியில் கேட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உங்கள் தம்பி, "மாடிக்குப் போய் படுக்கையெல்லாம் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். நோயாளிகள் ஓய்வெடுக்கும் நேரம், அவர்களுடைய பிரைவஸி என்றாள் அவள். "விடுங்க, சாமிய இப்படி வெச்சிருக்கறவங்க மனுசன விட்ருவாங்களா?" என்றேன் நான். நீட்டிய புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தேன்.

உங்களுக்கு முதுகெலும்பில் நோய் இறங்கியிருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், வலிக்கு மார்ஃபின் மாத்திரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வாயைத் துடைத்து உதட்டை ஈரமாக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர் சொன்னதை நான் வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எட்டாவதோடு நின்றவள் நான். மராத்தியைப் பஸ் போர்டிலும் இங்கிலீஷை மாத்திரைப் பட்டையிலும் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவள். ஆனால் எது எத்தனை மணிக்கு நடந்தது என்று எழுதுவதில் என்னிடம் பிழை வராது. ஹாஸ்பிஸிலும் உங்கள் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்கியது. மாத்திரை, புரட்டல், வாய்ச் சுத்தம், வலி எத்தனை என்று பத்துக்கு ஒரு எண். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்மைப் போல ஆட்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நாலேகால் மணிக்கு வந்தேன். உங்கள் நாக்கு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. புடவைத் தலைப்பை நனைத்துத் துடைத்தபோது கண்ணால் சார்ட்டைக் காட்டினீர்கள்.

"படி."

படித்தேன். நாலு மணி, வாய்ச் சுத்தம், கையெழுத்து. அதன் கீழே ஆறு மணி: மாத்திரை கொடுத்தாயிற்று, இடப்பக்கம் புரட்டியாயிற்று, வலி இரண்டு, கையெழுத்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பதினெட்டு.

"ஆறு மணிக்கு எனக்கு வலி ரெண்டாம்டி" என்றீர்கள். "அவங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்குது. ஜோசியம் படிச்சிக்கினு வந்திருப்பாங்க."

"இப்ப எவ்ளோ அண்ணி இருக்குது?"

"பத்துக்கு மேல நம்பர் இருந்தா சொல்லுடி, போட்டுக்கலாம்."

சிரிக்கப் பார்த்தீர்கள், உதடு மறுபடி வெடித்தது.

அந்த மாடிக்கு இருந்த இரண்டு ஆயாக்களில் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டேன். சித்தி என்பதுபோல எல்லாரும் அவளை மாவஷி என்றுதான் கூப்பிடுவார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் என்ன பண்ண வஹினி? வந்ததும் மொத்தத்தையும் எழுதிடச் சொல்றாங்க. அப்புறம் கீழே பூஜைக்குக் கூப்பிடுவாங்க, பூ கட்டணும், பளிங்கு துடைக்கணும். இன்னைக்கு நன்கொடைக்காரங்க வர்றாங்க." அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இறங்கிப் போனேன். கீழே கணபதிக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பால், தயிர், தேன். தேனை ஒரு வெள்ளிக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள். எத்தனை பொறுமை! அந்தப் பொறுமையோடு நாலு சொட்டுத் தண்ணீர் மாடியேறி வந்திருந்தால் உங்கள் நாக்கு நாக்காக இருந்திருக்கும். காலமெல்லாம் கை கூப்பியவள், அன்றுதான் ஒரு அபிஷேகத்தைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பு சாமிமேல் அல்ல. அவரை வாசலில் போர்டு மாதிரி உட்கார வைத்திருந்த அந்தக் கூட்டத்தின் மேல்.

கோஆர்டினேட்டரிடம் போனேன். வலி தாங்க முடியவில்லை என்றேன். லாவண்டர் எண்ணெய் வைக்கச் சொல்கிறேன் என்றாள். மாத்திரை வரவில்லை என்றேன். கண்ணை மூடித் திறந்து, "வலியும் ஒரு யாத்திரைதான் ஆன்ட்டி. அவங்க கர்மா கழியுது. நீங்க பக்தி உள்ளவங்க, உங்களுக்குத் தெரியாததா? பகவான் பேரைச் சொல்லுங்க" என்றாள். பகவானை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மாத்திரையைப் பாரடி என்று சொன்னேனா? சொன்னேன். பஸ்ஸில், ஜன்னல் கம்பியிடம். அவளிடம் சொன்னது, "சரி மேடம், கொஞ்சம் பாத்துக்கோங்க."

உங்கள் தம்பி, வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். நான்தான் அலைக்கழிக்க வேண்டாம் என்றேன். நான் தேர்ந்தெடுத்த இடம் தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. மார்ஃபின் தீர்ந்துவிட்டதாம். எழுதிக் கொடுக்கிற டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம். பளிங்கு போடத் தெரிந்தவர்களுக்கு, சனிக்கிழமைக்கு அப்புறம் ஞாயிறு வரும் என்று தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் காய்ச்சலுக்குத் தருகிற மாத்திரையைக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்த இடத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு, என் கைமேல், நீங்கள் போய்விட்டீர்கள். துணி மாற்றுவதற்காகத் திரையை இழுத்தபோது சார்ட் என் தோளில் இடித்தது. பத்து மணி: மாத்திரை கொடுத்தாயிற்று. வலப்பக்கம் புரட்டியாயிற்று. வலி இரண்டு. பன்னிரண்டு மணி: இடப்பக்கம் புரட்டியாயிற்று, வலி இரண்டு. போன பிறகும் உங்களுக்கு வலி இரண்டுதான் அண்ணி. கூடவும் விடவில்லை, குறையவும் விடவில்லை. உங்கள் முகத்தை மூடுவதற்கு முன்னால் அந்தத் தாளை வரி விடாமல் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். உங்கள் தம்பிகூட, "இப்பவா இது?" என்று அழுதுகொண்டே கேட்டார். இப்போதுதான். அப்புறம் அந்தத் தாள் இருக்காது.

கிளம்பும்போது அந்தப் பெண் மறுபடி புத்தகத்தை நீட்டினாள். நடந்ததையெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன், தமிழில். அவள் எட்டிப் பார்த்து, "எவ்ளோ அழகான எழுத்து ஆன்ட்டி!" என்றாள். ஒரு நிமிஷம் வீரம்போல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் புரிந்தது, அது கோழைத்தனம். மராத்தி எழுதத் தெரிந்தவள், அங்கே ஒருவரும் படிக்க முடியாத எழுத்தில் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவர்களைப் பழிக்கிறேனே, அவர்கள் சார்ட்டும் என் தமிழ்ப் பக்கமும் ஒரே ரகம்தான். இரண்டும் யாருக்கும் உதவாது.

இன்று காலை சுகன்யாவைக் கூப்பிட்டேன். "அங்க சேக்காதம்மா. நான் அத எழுதறப்ப மாடிக்கே போகல" என்றேன். "அப்பறம் ஏனுங்க ஆன்ட்டி எழுதுனீங்க?" என்றாள். "வா, ரெண்டு இடத்தையும் காட்டறேன்" என்றேன்.

முதலில் பளிங்கு இடத்துக்குப் போனோம். கோஆர்டினேட்டர் ஓடி வந்தாள். "வாங்க ஆன்ட்டி, முதல்ல தரிசனம் பண்ணுங்க." கணபதியைத் தாண்டி நேரே போனேன். "மார்ஃபின் அலமாரிச் சாவி ஞாயிற்றுக்கிழமை யார்கிட்ட இருக்கும்?" என்று சுகன்யாவைக் கேட்கச் சொன்னேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள் கோஆர்டினேட்டர். "இன்னைக்கு மாட்டியிருக்கற சார்ட் ஒன்னக் காட்டுங்க. பேர மறச்சுட்டே காட்டுங்க" என்றேன் நான். பிரைவஸி என்றாள். "மாடிக்குப் போலாமா?" ஓய்வு நேரம். சுகன்யா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். சந்தோஷமாகப் பேனாவையும் கொடுத்தாள். நோட்டைப் பார்த்துப் பார்த்து, மராத்தியில், பஸ் போர்டு எழுத்தில், கிழமையும் மணியும் போட்டு எழுதினேன். செத்தவருக்குப் பத்து மணிக்கு மாத்திரை கொடுத்ததையும் எழுதினேன். எழுத்துப்பிழை இருந்திருக்கும். அவள் படிக்கப் படிக்க உதட்டுச் சாயம் மட்டும்தான் சிவப்பாக மிஞ்சியது. "ஆன்ட்டி, இதை எல்லாரும் பார்ப்பாங்க" என்றாள். "ஆமா. சுவத்துல இருக்கறத எடுத்துடு. மாட்டணும்னா இத மாட்டு" என்றேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பழைய கட்டடத்தில் அதே நர்ஸம்மா அதே அதட்டலோடு இருந்தார். இந்தத் தடவை நின்றேன். கை வேலை முடிந்து வந்தவர், சுகன்யா கேட்பதற்கு முன்னாலேயே அவளை உள்ளே கூட்டிப்போய் வரிசையாகப் படுக்கைகளைக் காட்டினார். நான் ஒவ்வொருவர் உதட்டையும் பார்த்துக்கொண்டே போனேன். ஈரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் அப்பா அங்கே போகிறார்.

நான் இன்னும் விளக்கேற்றுகிறேன் அண்ணி, அதை விடவில்லை. உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். முகம் பார்க்காத அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவருக்காகவும், தலை குனிந்து நின்ற மாவஷிக்காகவும்கூட வேண்டிக்கொள்கிறேன். கெடுதல் செய்தவர்களையும் மன்னித்துக் கும்பிட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள்தான். அந்த இல்லத்தை நடத்துகிறவர்களுக்காகவும் முயன்று பார்த்தேன், வாய் வரவில்லை. இந்த ஒன்றை மட்டும் சாமி என்னிடம் கேட்கக்கூடாது.