குளிருதுங்க

மச்சான்,

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் வைக்கோலைக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். தலையில் துண்டு, கையில் புகைச்சட்டி, வாயில் என்னைப் பற்றிய கிண்டல்.

என் அக்காவைக் கட்டுவதற்கு முன்பே நீ எனக்கு வேட்டைக் கூட்டாளி. தை மாதத்தில், அறுத்து முடித்த வயலுக்கு விடியும்போதே எலி பிடிக்கப் போவோம். சேறு காலைக் கடிக்கும். பனி வெறும் முதுகில் இறங்கும். நமக்கு ஏது சட்டை? அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, எலி வளையின் வாயில் பொருத்தி ஊதுவாய். புகை தாங்காமல் எலி வெளியே ஓடிவரும்வரை அந்தச் சட்டிதான் நம் கைகளுக்குக் கணப்பு. "எலிக்குப் பாதி, நமக்குப் பாதி" என்பாய். மீதிக் குளிருக்கு உன் ஒற்றைத் துண்டு. இரண்டு காதும் மூடும்படி தலையில் சுற்றியிருப்பாய்.

அதுதான் குற்றமாம். பண்ணையின் ஆள் வரப்பில் வந்தால், நம் தெருக்காரர்கள் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டும். ஆட்சி மாறி, மேடைக்கு மேடை சமத்துவம் முழங்கிய காலம்தான். அந்த முழக்கமெல்லாம் குத்தாலம் கடைத்தெருவோடு நின்றுவிட்டது.

நீ அக்காவைக் கட்டிய அடுத்த தையில் ஒருநாள், பண்ணையில் வேலை வாங்கும் காரியக்காரர் வந்தார்.

"துண்ட எறக்குடா."

"குளிருதுங்க."

"யாருகிட்ட பேசுற? எறக்குடாங்கறேன்!"

"குளிருதுங்க."

உன் குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. துண்டு மட்டும் இறங்கவில்லை. அவர் சட்டியை எட்டி உதைத்து உடைத்தார். "நாளையிலேர்ந்து ஒனக்குப் பண்ணையில வேலை கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அறுவடைக் கூலியை நம்பித்தான் நம் அடுப்பு எரிந்தது. அக்கா அப்போது நிறைமாதம். நான் உடைந்த ஓடுகளைப் பொறுக்கினேன். நீயோ, "சட்டி போச்சே, இனிமே ஒன் கைய எதுல காட்டுவ?" என்று சிரித்தாய்.

மறுநாள் புதுச் சட்டியோடு அதே வயலில் இறங்கினாய். துண்டு தலையில்தான். பக்கத்து வயலில் அறுக்க வந்தவர்கள் உன்னைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் துண்டை எடுத்துத் தலையில் சுற்றினார்கள்.

"ஒனக்கும் குளிருதா?" என்று காரியக்காரர் ஒவ்வொருவரையும் கேட்டார்.

"ஆமாங்க, குளிருதுங்க."

கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. எல்லாரையும் விரட்டிவிட்டு அவர் யாரை வைத்து அறுப்பார்? அன்று மத்தியானமே உன்னையும் அரிவாள் எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அன்றிலிருந்து, எதிரே எவர் வந்தாலும் என் கை துண்டுக்குப் போவதில்லை, மச்சான்.

போன சித்திரையில் உன்னைக் குழியில் இறக்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. உன் தலையில் நான் சுற்றிவிட்ட துண்டைப் பார்த்து ஒரு பெரியவர், "இந்த வெயில்ல அது எதுக்குப்பா? எடுத்துடு" என்றார்.

நான் எடுக்கவில்லை.

"குளிருதுங்க" என்றேன்.