சார்ஜர் பிடித்த நேர்காணல்

மார்ச் 4, செவ்வாய்
நேர்காணல் முடிந்தது. மனைவியின் அண்ணன், மச்சான், பேசி வாங்கிக் கொடுத்தது. மருந்துக் கிடங்கில் பொறுப்பாளர் வேலை.

மேலாளர் என்னைவிடச் சின்னவர். உட்காரப் போனவனிடம், "சார், அங்க பிளக் லூஸா இருக்கு. சார்ஜரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கங்க" என்றார். பிடித்தேன். சுவரோரம் நின்றபடியே என் அனுபவத்தையெல்லாம் ஒப்பித்தேன். அவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பயோடேட்டாவின் மேல் டீ டம்ளர் இருந்தது. அது நகரவே இல்லை. நடுவில் ஒருமுறை, "இன்னும் கொஞ்சம்தான் சார், எழுபது ஆயிடுச்சு" என்று தைரியம் சொன்னார்.

வெளியே வந்த பிறகுதான் கோபம் வந்தது. இப்போதெல்லாம் எனக்கு அதுவும் தாமதம்.

வீட்டில் மனைவி, "எப்படிப் போச்சு?" என்றாள். "நல்லாப் போச்சு" என்றேன்.

மார்ச் 5
ஏன் பிடித்தேன்? முடியாதுன்னா கழுத்தையா சீவியிருப்பான்?

மார்ச் 7
நான் வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இன்று எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தாள். ஒன்றை மகள் தட்டில் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
மச்சான் வந்திருந்தார். மேலாளரிடமிருந்து அவருக்கு ஃபோன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அன்னிக்கு சார்ஜரைப் பிடிச்சிட்டு நின்னாரே, அவர்தானே? நாளைக்கே வரச் சொல்லுங்க. சொன்ன பேச்சு கேக்குற ஆளு."

"என்ன மாப்ள, சார்ஜரா?" என்றார் மச்சான். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஃபோனை வாங்கினாள்.

"அவர் வரமாட்டாருங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க."

மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. "சும்மா உக்காந்திருக்கிற ஆளுக்கு இவ்வளவு ரோஷமா?"

"ரோஷம் எனக்குண்ணே."

சாப்பிடாமலே போய்விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

வெட்கமாக இருந்தது. வேலை போனபோதுகூட இவ்வளவு இல்லை.

மார்ச் 10
மச்சான் ஃபோனை எடுக்கவில்லை. இவளும் பேசவில்லை. சாப்பாடு மகள் மூலமாக வந்தது.

மார்ச் 27, வியாழன்
டைல்ஸ் கடைக் கிடங்கில் நேர்காணல். "நானும் வரேன்" என்றாள். மன்றாடிப் பார்த்தேன். லீவு போட்டுவிட்டு எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இவங்க?" என்றார் முதலாளி.

"வீட்டம்மா. இடத்தைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

எனக்குக் காது சுட்டது. அவர் சரக்கு, இருப்பு பற்றியெல்லாம் கேட்டார், பதில் சொன்னேன். கடைசியில், "வேற ஏதாவது கேக்கணுமா சார்?" என்றார்.

"கேக்கணும்" என்றாள் இவள்.

சாப்பிட எவ்வளவு நேரம் விடுவார்கள், உட்கார நாற்காலி உண்டா, வயதில் பெரியவர்களை யாராவது வா போ என்று பேசுவார்களா. பாவம் மனிதர், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நடுவில் அவர் ஃபோன் அடித்தது. எடுக்கப் போனவர் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

திங்கட்கிழமையிலிருந்து என்னை வரச் சொல்லிவிட்டார். சொன்னது என்னிடம் இல்லை, இவளிடம்.