ஃபிட் ஆன பிறகும் மாத்திரை

ஆசை நைனாவுக்கு,

உங்கள் மகள் இப்போது வீடியோ எடுக்கிறாள் என்றால் நம்புவீர்களா? கேமரா கிடையாது, நடிக்க ஆள் கிடையாது. ராபர்ட்சன்பேட்டையில் நான் நர்ஸாக இருக்கும் இதய கிளினிக்கில், வசனம் எழுதிக் கொடுத்தால் ஏஐ ஒரு பெண்ணையே உண்டாக்கிப் பேச வைத்துவிடுகிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த முதல் வீடியோவில் அவள், "மருந்துகளைத் தவறாது உட்கொள்ளவும்" என்று செய்தி வாசித்தாள். நம் சுரங்க லைன் வீட்டு ஆட்கள் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர், இத நான் எழுதறேன்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல்!

சுரங்கத்தில் உடம்புக்கு முடியாமல் லீவு போட்டால், டாக்டர் 'ஃபிட்' என்று சீட்டு எழுதியதும் மருந்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போவீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களைக் கொண்டுபோனது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் "இனி நடமாடலாம்" என்றார். "ஃபிட்டுனு சொல்லிட்டாரு, இன்னும் இன்னாத்துக்கும்மா மாத்திர?" என்றீர்கள். நர்ஸிங் முதல் வருஷத்தில் இருந்த எனக்கும் அது சரியென்றே பட்டது. மாத்திரையை நிறுத்திய மூன்றே வாரத்தில் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. நான் ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேன், நைனா?

அதைத்தான் எழுதினேன். டாக்டர் வரிவரியாகச் சரிபார்த்தார். "ஷிஃப்டுக்கு ஃபிட் வேற, ஸ்டென்ட் வேறங்க. மாரு வலி இல்லன்னாலும் டாக்டரக் கேக்காம மாத்திரய நிறுத்தாதீங்க" என்கிறாள் இப்போது அந்தப் பெண்.

உங்களோடு ஒரே ஷிஃப்டில் இருந்த ஊரிகம் ஆறுமுகம் மாமாவுக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். போன வாரம் இதைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, இத இதுக்கு முன்னாடி யாரு சொன்னாங்க? நான் நாலு நாளா மாத்திர போடல." கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றே மறுபடி மாத்திரை போட்டார்.

நேற்று மூன்று கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "உக்காந்து பாருங்கடா, நம்ம கோவிந்தன் பொண்ணு எழுதனது!" எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் கன்னடத்திலும் தெலுங்கிலும்கூட எழுதச் சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது மாமா கேட்டார்: "ஒங்க நைனா இதப் பாத்திருந்தா இன்னா பண்ணியிருப்பான்?"

"மாத்திர போட்டிருப்பாரு, மாமா."

ஞாயிற்றுக்கிழமை கோரமண்டல் லைன் வீடுகளுக்குப் போகிறேன், வீடு வீடாக, இந்த வீடியோவோடு. ஒருத்தரையும் விடமாட்டேன், நைனா.

என்றும் உங்கள் மூத்த மகள்,
செல்வி