உறையை உரிக்காமல் எழுதிய சீட்டு

என் பிரியமுள்ள சிவகாமி அக்காவுக்கு,

செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். போங்கள் அக்கா, எனக்குக் கோபம்தான். இன்று காலை நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும்.

டாலிகஞ்ச் ஆய்வுக்கூடத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நோய் கண்ட நெற்பயிர் எது வந்தாலும் முதலில் உங்கள் மேசைக்குப் போகும். நீங்கள் தண்டின் உறையை உரித்து, கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பூஞ்சை பார்க்கிற என்னிடம் வரும். "ஏட்டி மாலதி, பூஞ்சைக்குக் காலா இருக்கு? அத உள்ள கூட்டிட்டுப் போனது யாருன்னு பாக்க வேண்டாமா?" என்று வம்புக்கு இழுப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் நுண்ணோக்கியைத் துணி போட்டு மூடிவைத்தேன். புதிதாக வந்த மௌசுமி அதைக் கேட்டபோதுகூட எரிந்து விழுந்தேன். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். என்ன பைத்தியக்காரத்தனம்!

போன வாரம் நம் விவசாயி நிமாய்-தா பயிரோடு வந்தார். கதிர் பாதி வெளியே, பாதி உறைக்குள் சிக்கிக் கிடந்தது. உறையெல்லாம் பழுப்பு. இலையுறை அழுகல், சந்தேகமே இல்லை என்று பூஞ்சை மருந்துக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரும் நம்பித் தெளித்தார். நேற்று மாலை, "இன்னும் பரவுது தீதி" என்று புதுத் தண்டுகளை ஆள்மூலம் அனுப்பியிருந்தார்.

காலையில் வந்ததும் துணியை விலக்கி, உறையை உரித்து உங்கள் நுண்ணோக்கியில் பார்த்தேன். உள்ளே கூட்டம் கூட்டமாகச் சிலந்திப்பேன் ஊர்கிறது அக்கா! அந்த வயல் பெரும்பாலும் பதர்தான். ஆனால் பக்கத்தில் தாமதமாக நட்ட இன்னொரு வயல் இருக்கிறது. அதில் இன்னும் கதிர் வெளிவரவில்லை. என் சீட்டை வைத்துக்கொண்டு அதற்கும் இன்று மருந்தடிப்பதாகச் சொல்லியிருந்தார்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. நான்காவது தடவை எடுத்தார். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறாராம்.

"அடிக்காதீங்க நிமாய்-தா! நான் எழுதினது தப்பு. உள்ளே சிலந்திப்பேன் இருக்கு. அதுக்கு வேற மருந்து வேணும்."

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"சிவகாமி தீதி பாத்துட்டாங்களா?" என்று கேட்டார். "அவங்க பாத்துட்டுச் சொன்னா சரி. இறக்கி வச்சிடறேன்."

அவருக்கு யாரும் சொல்லவில்லை அக்கா. இத்தனை மாதமாக நானும் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் லீவில் இருப்பதுபோலத்தான் பேசிவந்தேன். பார்த்தாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இறக்கி வைத்துவிடுவார். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"சிவகாமி தீதி செத்துப்போயிட்டாங்க, நிமாய்-தா. தண்டை உரிச்சு நான்தான் பாத்தேன்."

சொல்லிவிட்டு, வேலை செய்கிற இடம் என்றுகூடப் பாராமல் அழுதேன். அந்தப் பக்கம் அவரும் அழுதார். பிறகு, தெளிப்பானை வரப்பில் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

தாமதமாக நட்ட அந்த வயல் பிழைக்குமா? தெரியவில்லை. நாளைக்கு ஹவுராவிலிருந்து கிளம்பும் முதல் லோக்கல் ரயிலில் போகிறேன், மௌசுமியையும் கூட்டிக்கொண்டு. ஒவ்வொரு மூலையிலும் தண்டெடுத்து உரித்துப் பார்க்காமல் திரும்பமாட்டேன். இது சத்தியம்.

நீங்கள் இல்லாமலும் உங்கள் தங்கையாகவே இருக்கிற,
மாலதி