சங்கு ஊதிய பிறகு

சேசு மரி சூசை துணை.

நோணாங்குப்பத்தில் தாய் வீட்டில் இருக்கும் என் பெண்சாதிக்கு,

நான் சுகம். நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

மில்லில் வேலை எட்டு மணி நேரமாகக் குறைந்ததும் இந்த ஊர் ஆம்பிளைகளின் சாயம் வெளுத்துவிட்டது. இதற்காகவா ஸ்டிரைக் செய்து பட்டினி கிடந்தோம்? மூன்று மணிச் சங்கு ஊதிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் மில் கேட்டிலேயே நிற்கிறார்கள். பக்கத்துத் தறி சவரிமுத்து, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிக்கிறான். “வூட்டுக்குப் போனா, ஏன் வந்தேன்னு கேக்குறா” என்கிறான். மானங்கெட்டவன்!

அவன் கூட்டாளி ஞானாதிக்கம் இன்னும் மோசம். கப்பல் பாலம் வரை நடந்து, கடலைப் பார்த்துவிட்டு, யாரோ துரத்தியதுபோல் கேட்டுக்கே திரும்பி ஓடிவருகிறான். போன சனிக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, என்னா பண்றது?” என்றான்.

“பூசைக்குப் போடா” என்றேன்.

“அது காலையிலயே முடிஞ்சுடுமே!”

தூ! இவனெல்லாம் மீசை வைத்திருக்கிறான்.

இருட்டியதும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், அப்போதுதான் தறியை விட்டு வந்தவர்கள்போல வீட்டுக்குப் போகிறார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

நான் நகர்த்திய உன் அடுப்பைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். உப்புச் சாடியையும்தான். நீ மீன் கழுவும்போது பக்கத்தில் நின்று இனிமேல் வாய் திறக்கமாட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. இருட்டும்வரை நான் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்.

கேட்டில் சவரிமுத்துவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்