வெள்ளிக்கிழமைக் கதைகளில் சுண்டு

பிப்ரவரி 9

அன்புள்ள என்னங்கவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. ஸ்பானிஷ் கற்றுக்கொள்கிறவர்களுக்கான எளிய கதைகள். நிஜமாகவே எளிமைதான். முதல் கதையில் ஒரு மீசைக்காரர் ரொட்டி வாங்கப் போகிறார். கடை மூடியிருக்கிறது. திரும்பி வருகிறார். ரொட்டி வீட்டிலேயே இருக்கிறது. அவ்வளவுதான் கதை. இரண்டாவது கதையில் அதே ஆள் குடையைத் தேடுகிறார். எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது. இவருக்கு எதுவும் நடப்பதில்லை.

போனில் பேசினால் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் சொன்னபடி எழுதிக்கொள்வதே மேல். எழுத்தில் ‘ம்’ போட வெட்கமாக இருக்கிறது, அதனால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணாடிக் கடையில் வேலை அப்படியே போகிறது. லென்ஸ் தேய்க்கிறேன், பிரேமில் பொருத்துகிறேன், சாப்பிடுகிறேன். சுண்டு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. அக்கா வரும்போதெல்லாம், "அழுதுடுடி, ஒருவாட்டி அழுதுட்டா தேவலாம்" என்கிறாள். வைத்துக்கொண்டா இல்லை என்கிறேன்? நாலு வயசுப் பிள்ளை ஒரு காய்ச்சலில் போய்விட்டது. அடுத்த மாதமே நீங்களும் வேலைக்கென்று கிளம்பிப் போனீர்கள். அதைக் குறை சொல்லவில்லை. முன்பே முடிவான வேலை. வீடு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வந்தேன். யாரும் எதையும் கலைப்பதில்லை.

உங்கள்
கண்ணாடிக்காரி


பிப்ரவரி 27

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

மீசைக்காரர் பதினோராம் கதையில் மாடியிலிருந்து விழுவார். பயப்படாதே, அடி படாது.

இங்கே உடம்பு உறைந்துபோகிற வேலை. பழம் வைக்கிற குளிர் அறைகளில் ஏதாவது ஒரு மெஷின் தினமும் மக்கர் பண்ணுகிறது. உள்ளே ஒரு மணி நேரம் நின்றால் விரல் என்னுடையதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கேண்டீனில் ஸ்பானிஷ் வகுப்பு. கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மாள்தான் டீச்சர். லாரி டிரைவர், தச்சர், பழம் அடுக்கும் பெண்கள் இரண்டு பேர், நான். ஆளுக்கொரு நாட்டுக்காரர்கள். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குப் புரியாது. தப்புத் தப்பான ஸ்பானிஷ்தான் எங்களுக்குப் பொதுச்சொத்து.

டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வாரம் ஒருத்தர் எழுந்து, தன் வீட்டு ஆளைப் பற்றி எளிய வாக்கியங்களில் ஒரு கதை எழுதிப் படிக்க வேண்டும். கேட்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். கேள்வி கேட்காதவருக்குத் தேநீர் கிடையாது.

நான் எழுதிய கதைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். மீசைக்காரர் அலுத்துப் போனால் படி. அவசரமில்லை. நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்
என்னங்க


மார்ச் 20

அன்புள்ள என்னங்கவுக்கு,

கதைகளைப் படித்தேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். நீன்யா என்றால் சிறுமி. காஸா என்றால் வீடு. சுண்டு என்ற வார்த்தை மட்டும் அகராதியில் தேட வேண்டியிருக்கவில்லை.

சுண்டு காலையில் எழுந்திருக்கிறாள். சுண்டு சிவப்புப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். சுண்டுவுக்கு ஒரு நாய் இருக்கிறது. சுண்டுவுக்கு ஐந்து வயசு.

அன்றைக்கு ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் வாசல்படி வரை போய்த் தடுமாறித் திரும்பி வந்தார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

நம் சுண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஐந்து வயசு ஆகவில்லை. இவள் யார்?

உங்கள்
கண்ணாடிக்காரி


ஏப்ரல் 6

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கேட்பாய் என்று தெரிந்துதான் அனுப்பினேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாதவன் இப்படித்தான் செய்வான்.

முதல் நாள் வகுப்பில் எல்லாரிடமும் கேட்டதுபோல் டீச்சர் என்னிடமும், "குழந்தை இருக்கா?" என்று கேட்டார். எனக்கு அப்போது தெரிந்தது ஆமாம், இல்லை, தண்ணீர், நன்றி. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு கேள்வி நிற்கவில்லை. வழக்கம் அப்படி. "என்ன கலர் பிடிக்கும்?" என்று டிரைவர் கேட்டார். "ஸ்கூல்ல சேத்தாச்சா?" என்று பழம் அடுக்கும் பெண் கேட்டாள். அந்த வயசில் சேர்த்திருப்போம் இல்லையா? சேர்த்தாச்சு என்றேன். கதைக்கு ஏதாவது வேண்டுமே என்று நாயைக் கொடுத்தேன். தச்சர் அவளுக்காக ஒரு குட்டி நாற்காலி செய்து கொடுத்துவிட்டார். நீல வண்ணம் அடித்து, மூலையெல்லாம் குத்தாமல் இழைத்து. என் அறையில் ஜன்னல் ஓரம் இருக்கிறது. அதில் துணி போடக்கூட மனம் வரவில்லை.

தமிழில் நினைத்தால் அவள் இல்லை. அந்த மொழியில் இருக்கிறாள். பைத்தியம் இல்லை எனக்கு. இரண்டும் தெரிந்துதான் எழுதுகிறேன். திட்ட வேண்டும் என்றால் திட்டு.

என்னங்க


ஏப்ரல் 25

அன்புள்ள என்னங்கவுக்கு,

கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. எதுவுமே வருவதில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆனால் சில விஷயங்களைத் திருத்த வேண்டும். மூன்றாவது கதையில் அவள் பாலை ஒரே மூச்சில் குடிக்கிறாள். நம் வீட்டில் எப்போது அந்த அதிசயம் நடந்தது? ஒரு டம்ளர் பாலுக்கு வீடு முழுக்க நான் ஓடியிருக்கிறேன், நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நாயைக் கண்டால் அவளுக்கு ஆகாது, தெருமுனையிலேயே இடுப்பில் ஏறிக்கொள்வாள். நாயை எடுத்துவிடுங்கள். யாருக்காவது கொடுத்துவிட்டதாக எழுதுங்கள். அப்புறம் சிவப்பு அவளுக்குப் பிடித்த கலர் இல்லை, உங்களுக்குப் பிடித்த கலர். அவளுக்கு மஞ்சள்.

எட்டாவது கதையில் ஆசிரியை அவளை முன்வரிசையில் உட்காரவைத்தது சரி. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள்.

நேற்று தபால்காரர் வரும் நேரத்துக்குக் கடை வாசலில் போய் நின்றேன். முதலாளிகூடப் பார்த்தார். நானாக எதற்காவது எழுந்து போய் நின்று ரொம்ப நாள் ஆகிறது. அடுத்த கதை எப்போது வரும்?

உங்கள்
கண்ணாடிக்காரி


மே 15

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கதையில் நாயை டிரைவரின் மாமனாருக்குக் கொடுத்தாயிற்று. டிரைவருக்குத்தான் வருத்தம், எனக்கு மாமனாரே கிடையாதே என்கிறார். பாலையும் திருத்திவிட்டேன். சுண்டு ஓடுகிறாள், அம்மா டம்ளரோடு பின்னால் ஓடுகிறாள். வகுப்பே சிரித்தது. உன்னைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அதுதான் விஷயம். நீ இங்கே வர விண்ணப்பித்திருந்த விசா வந்துவிட்டது. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கான வீட்டையும் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம். உங்களை அழைத்துவர ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வருகிறார்களாம். உங்கள் இரண்டு பேரையும் என்றுதான் சொன்னார்கள்.

நான் யோசித்துவிட்டேன். அவள் அங்கே அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். படிப்புக்காக விட்டுவிட்டு வருவது உலகத்தில் இல்லாததா? நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல். அது கஷ்டம் என்றால் பயணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். உன் இஷ்டம்.

புதுக் கதை இரண்டு வைத்திருக்கிறேன்.

என்னங்க


ஜூன் 3

அன்புள்ள என்னங்கவுக்கு,

விசா வந்ததை அக்காவிடம் சொன்னேன். உடனே பெட்டி வாங்கக் கிளம்பிவிட்டாள். நான் வரத்தான் நினைக்கிறேன். இந்தச் சுத்தமான வீட்டில் இனி இருக்க முடியாது.

ஆனால் அந்த ஆமாம் என்னால் முடியாது. கடிதத்தில் நானும் சேர்ந்துதான் ஆடினேன், இல்லை என்று சொல்லவில்லை. பாலும் மஞ்சளும் நான் எழுதிக்கொடுத்ததுதான். காகிதத்தில் அது நன்றாக இருந்தது. நேரில் ஒரு தச்சர் என் முகத்தைப் பார்த்து, "நாற்காலி அவளுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டால் நான் எங்கே போவேன்? புது ஊரில் நான் பேசுகிற முதல் வார்த்தை அதுவாக இருக்க வேண்டாம்.

ஒரு கதை எழுதியிருக்கிறேன், ஸ்பானிஷில். அகராதியும் மீசைக்காரரும் உதவினார்கள். தப்பு இருந்தால் டீச்சர் திருத்தட்டும். நீங்கள் தேடிக் கஷ்டப்படாமல் இருக்க இங்கே தமிழிலும் எழுதிவிடுகிறேன்.

சுண்டுவுக்குக் காய்ச்சல். அம்மா ஈரத்துணி வைக்கிறாள். அப்பா ஆட்டோ பிடிக்கிறார். ஆஸ்பத்திரியில் விளக்கு வெள்ளையாக இருக்கிறது. சுண்டு தண்ணீர் கேட்கிறாள். பிறகு கேட்கவில்லை. அவளுக்கு நாலு வயசு. அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை எழுந்து இதைப் படியுங்கள். அவர்கள் நல்ல மனுஷர்களாகத்தான் தெரிகிறார்கள். நீங்கள் படித்துவிட்டதாக ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த நாளே கிளம்புகிறேன். உங்களுக்கு எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஜூன் 21

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கதையில் ஒரு தப்புகூட இல்லை. நான் இத்தனை நாளாகப் படித்தும் இப்படி எழுத வரவில்லை.

வெள்ளிக்கிழமை சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எழுந்து நின்றேன். டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். பழம் அடுக்கும் பெண், "இன்னிக்கு என்ன பண்ணினா நம்ம சுண்டு?" என்று கேட்டாள். நம்ம சுண்டு என்றாள்.

பைக்குள் போன கை வெளியே வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். சுண்டுவுக்கு முதல் பல் விழுந்துவிட்டது என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். எந்தப் பல் என்று டிரைவர் கேட்டார். கீழ்வரிசையில் முன்பல் என்றேன். அழுதாளா என்று டீச்சர் கேட்டார். இல்லை, சிரித்தாள் என்றேன்.

உன் காகிதம் என்னிடமே இருக்கிறது. அடுத்த வாரம் படிக்கிறேன் என்று எழுத நினைத்தேன். உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. என்னால் முடியாது. பயணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போமா?

என்னங்க


ஜூலை 8

அன்புள்ள என்னங்கவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே பிரித்தேன். பல் விழுந்த இடம் வரைதான் படிக்க முடிந்தது. பிறகு என்ன ஆனது என்று முதலாளிதான் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாவை என் பக்கத்தில் உட்காரவைத்தாராம். அந்த அம்மா யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் புடவையெல்லாம் என் கண்ணீர். அன்றைக்கு அழ ஆரம்பித்தவள் இன்னும் முழுதாக நிறுத்தவில்லை. அக்கா வந்து கூடவே இருக்கிறாள்.

அந்தப் பல் விழவில்லை, என்னங்க. எல்லாப் பல்லோடும்தான் நாம் அவளை அனுப்பிவைத்தோம்.

உங்கள் மேல் கோபமில்லை. இதை நம்புங்கள். அங்கே வளர்கிறவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள், அத்தனை பேர் இருக்கிறார்கள். போனவளுக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். என்னால் இரண்டு பேருக்கும் அம்மாவாக இருக்க முடியாது.

நான் வரவில்லை. ஒதுக்கிய வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், குடும்பத்தோடு இருக்கிற யாருக்காவது ஆகும். குளிர் அறைக்குள் போகும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கதைகளை இனி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு
சுண்டுவின் அம்மா