ஒரு நர்ஸ் போதும் என்ற மேனேஜர்

12-3-1998, வியாழன்

காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

படுத்திருக்கிறவர்களுக்கு பெட்ஷீட் மாற்ற ஒரு நர்ஸ் போதும் என்று புது மேனேஜர் திங்கட்கிழமை உத்தரவு ஒட்டினான். அன்றைக்கே என்னைத் தனியாளாகப் புரட்டியதில் ஸ்டெல்லா சிஸ்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் மறப்பேனா?

இன்று வார்டுக்கு வந்தவனிடம் சிஸ்டர், "சார், நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றாள். கோட்டைக் கழற்றினான். நான் உடம்பைத் தளரவிட்டு மூட்டை மாதிரி கிடந்தேன்.

"அஜ்ஜி, ஸ்வல்ப திரும்புங்க." பாட்டி, கொஞ்சம் திரும்புங்க என்பதைத்தான் கன்னடம் கலந்து சொன்னான்.

"நோவுதுப்பா."

வேர்த்து வழிந்தும் பாதி பெட்ஷீட்கூட உருவ முடியவில்லை.

"சிஸ்டர், அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க."

"அப்ப ரெண்டு ஆள் வேணும்தானே சார்?"

வார்டே கை தட்டியது. சுவரில் இருந்த உத்தரவை அவனே கிழித்தான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சாயந்திரம் ரெண்டு சிஸ்டர்கள் வந்து புரட்டினபோது நானே கட்டிலைப் பிடித்து லேசாகத் திரும்பிக் கொடுத்தேன்.